மண்ணும் நமுத்துப் போகும்! எடைபோட்டுக் காட்டிய எல்.ஏ.ராம்தாஸ்

தை மாதத்து விடியற்காலையில் விக்கிரவாண்டி பக்கம் அறுவடை முடிந்த வயல் ஒன்றில் இறங்கிப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் மிதித்தால் புழுதி பறந்த மேல்மண், விடியும்போது நிறம் மாறி லேசாகக் கறுத்திருக்கும். மிதித்தால் தூசி எழாது. கையில் அள்ளினால் சில்லென்று இருக்கும். மழை பெய்யவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, மோட்டாரும் போடவில்லை. காலை பத்து மணி வெயில் ஏறியதும் பழையபடி வெளுத்துப் புழுதியாகிவிடும்.

இந்த ஈரம் எங்கிருந்து வந்தது? பனி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இதை நம்பி உளுந்து தெளித்துவிடலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு. ஏக்கருக்கு 10 கிலோ விதை, தெளிக்க ஆள் கூலி, கைநழுவிப் போகிற பருவம் என்று கணக்குப் போட்டால், இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்வது செலவு வைக்கிற விஷயம். அரைகுறை ஈரத்தில் ஊறி முளைவிட்ட விதை, அடுத்த இரண்டு நாள் வெயிலில் கருகிப் போவதைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார்.

இதே கேள்வியை 90 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தராசை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவர் பெயர் எல்.ஏ.ராம்தாஸ். திண்டிவனம் வட்டாரத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு வேறொருவர் நினைவு வரக்கூடும். இவர் பாலக்காட்டுக்காரர், வானிலை விஞ்ஞானி. இந்திய வேளாண் வானிலை ஆய்வின் தந்தை என்று அறியப்படுகிறவர். இன்று உங்கள் கைப்பேசிக்கு வருகிற வேளாண் வானிலை அறிவிப்புக்கு முதல் விதை போட்டவர்களில் முக்கியமானவர்.

பாலக்காட்டிலிருந்து கல்கத்தாவுக்கு

ராம்தாஸ் 1900-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி பிறந்தார். பெயருக்கு முன்னால் இருக்கும் எல் என்பது லட்சுமிநாராயணபுரம். ஏ என்பது அனந்தகிருஷ்ணன். பாலக்காடு அப்போது மலபார் மாவட்டத்தில், சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

இயற்பியல் படித்த அவர் கல்கத்தா சென்று சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். திரவத்தின் மேற்பரப்பில் விழும் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பது அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சி. ஒரு கிண்ணம் தண்ணீரில் எல்லாரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். இவர் அதன் மேல்தோலைப் பார்க்கப் பழகினார். பிற்காலத்தில் அவர் செய்த பல வேலைகளை எடுத்துப் பார்த்தால் இந்தப் பழக்கம் தெரியும். நிலத்திலும் அவர் கவனித்தது பெரும்பாலும் மேல்தோலைத்தான். தரையிலிருந்து சில அடி உயரம் வரை உள்ள காற்று, தரைக்குக் கீழே சில அங்குலம் வரை உள்ள மண், இவைதான் அவருடைய களம். விதை விழுவதும் முளை எழுவதும் அந்த இடத்தில்தானே.

1926-இல் அவர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்தக் காலத்து வானிலைத் துறை புயலையும் பருவமழையையும் கப்பல் போக்குவரத்தையும் முக்கியமாகக் கவனித்துவந்தது. உழவருக்கென்று தனிப்பிரிவு கிடையாது. 1926 முதல் 1928 வரை இந்திய விவசாயத்தை ஆராய்ந்த அரச ஆணையம், வானிலை ஆய்வு விவசாயத்துக்கும் பயன்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் விளைவாக 1932-இல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு ராம்தாஸிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 32.

முதலில் நம்பவில்லை

பிரிவு தொடங்கிய அதே ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு முடிவு உலக விஞ்ஞானிகளைப் புருவம் உயர்த்த வைத்தது. மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில் தரைதான் முதலில் குளிரும். தரையை ஒட்டிய காற்றுதான் மிகவும் குளிர்ந்திருக்கும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. ராம்தாஸும் ஆத்மநாதனும் வெற்றுத்தரைக்கு மேலே வெவ்வேறு உயரத்தில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார்கள். மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இல்லை. ஏறக்குறைய ஓரடி உயரத்தில் இருந்தது.

கருவியில் ஏதோ கோளாறு என்று வெளிநாட்டு அறிஞர்கள் பலர் ஒதுக்கினார்கள். ராம்தாஸ் தன் அளவீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. 1950-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ராஷ்கே பூனாவிலேயே அளந்து, அது உண்மைதான் என்று உறுதிசெய்தார். அந்தக் குளிர்ந்த காற்றடுக்கை இன்று ராம்தாஸ் அடுக்கு என்றே உலகம் அழைக்கிறது. அது ஏன் அப்படி அமைகிறது என்பதற்கு 1993-இல்தான் பெங்களூரு விஞ்ஞானிகள் கணக்கு ரீதியாக ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதைப் பார்க்க ராம்தாஸ் உயிரோடு இல்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. எல்லாருக்கும் தெரிந்ததாக நினைக்கிற ஒன்றையும் அளந்து பார்க்காமல் எழுதக் கூடாது என்பது அவர் வழக்கம். மண்ணின் விடியற்கால ஈரத்தையும் அவர் அப்படித்தான் அணுகினார்.

மண்ணைத் தராசில் வைத்தார்

பூனாவில் மழைக்காலம் முடிந்தால், அடுத்த கோடை வரை பெரும்பாலும் மேகமில்லாத வானம்தான். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி. மண்ணோ கரிசல். அந்தத் தெளிந்த பருவத்தில் மேல்மண்ணின் ஈரம் பகலிலும் இரவிலும் எப்படி மாறுகிறது என்பதை ராம்தாஸும் அவருடன் பணியாற்றிய எம்.எஸ்.கட்டியும் எடைபோட்டு ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1934-இல் வெளியானது.

மழையே இல்லாத நாட்களில் மண் காய்ந்துகொண்டே போகும், எடை ஒரே திசையில் குறைந்துகொண்டே வரும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. பகலில் குறைந்த எடை இரவில் கூடியது. மறுபடி பகலில் குறைந்து, இரவில் கூடியது. காய்ந்த கரிசல் மண் பகலில் காற்றுக்கு நீராவியைக் கொடுத்து, இரவில் காற்றிலிருந்து நீராவியை வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியும்படி பனி இறங்காத இரவிலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று உங்கள் வீட்டு அடுக்களையிலேயே பார்க்கலாம். பொரித்த அப்பளத்தை ராத்திரி மூடாமல் வைத்துவிட்டால் காலையில் நமுத்துப் போகிறது. யாரும் அதன்மேல் தண்ணீர் தெளிக்கவில்லை. காற்றில் இருந்த நீராவியை அதுவே இழுத்துக்கொண்டது. கல் உப்பு மழைக்காலத்தில் கசிவதும் காற்றின் ஈரத்தால்தான். அப்பளத்தைப் போல, நன்றாகக் காய்ந்த களிமண்ணும் நமுத்துப் போகும்.

பனி வேறு, இது வேறு. பனி இறங்க, காற்றில் உள்ள நீராவி திவலையாக மாறும் அளவுக்கு இலையோ தரையோ குளிர வேண்டும். மண் நீராவியை இழுக்க அந்த அளவு குளிர்ச்சி தேவையில்லை. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்று, வெளிக்காற்றைவிட வறண்டிருந்தால் போதும். ஈரம் அதிகமுள்ள இடத்திலிருந்து வறண்ட இடத்துக்கு நீராவி நகரும். உள்ளே வந்த நீராவி களித்துகளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பகலில் மண் சூடேறியதும் அந்தப் படலம் பிய்ந்து மறுபடி காற்றில் கலந்துவிடும்.

எல்லா மண்ணும் ஒரே அளவு இழுப்பதில்லை. துகள் எவ்வளவு பொடியோ, அவ்வளவு பரப்பு. கரிசலில் உள்ள களிக்கனிமம் ஒரு கிராம் எடுத்து அதன் துகள்களின் பரப்பை எல்லாம் விரித்துக் கணக்கிட்டால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். உங்கள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 17 முதல் 20 சென்ட் நிலம். ஒரு கிராம் மணலுக்கு ஒரு சதுர அடி தேறினால் பெரிது. அதனால்தான் ஏரிக்கரை ஓரத்துக் களிநிலம் விடியலில் நிறம் மாறுகிற அளவுக்கு, மேட்டு மணற்பாங்கு நிலம் மாறுவதில்லை.

வேர் குடிக்க முடியுமா?

காற்றிலிருந்து மண் தண்ணீர் எடுக்கிறது என்றால் பயிருக்கு நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தின் பெரிய வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியும் அப்படித்தான் நினைத்தார். 1813-இல் வெளியான வேளாண் வேதியியல் நூலில், காற்றின் ஈரத்தை அதிகம் இழுக்கும் மண் அதிக வளமானது என்று அவர் கருதினார். களிமண் பொதுவாக வளமாக இருப்பதால் அது பொருந்துவது போலவும் தெரிந்தது. ஆனால் மண் இழுத்துக்கொண்ட அந்த நீர் வேருக்குக் கிடைக்கிறதா என்பது தனிக் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். மண்ணிலிருந்து நீரைப் பிடுங்க வேருக்கு ஒரு பலம் உண்டு. சாதாரணப் பயிர்களுக்கு அது ஏறக்குறைய 15 வளிமண்டல அழுத்தம் என்று வைத்திருக்கிறார்கள். மண் அதைவிட இறுக்கமாக நீரைப் பிடித்துக்கொண்டால் பயிர் வாடிவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது, அந்தக் காற்றிலிருந்து நீராவியை எடுத்துக்கொண்ட மண் அதை 900 வளிமண்டலத்துக்கும் அதிகமான இறுக்கத்தில் பிடித்திருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 99 சதவீதத்தைத் தொட்டு, மண்ணும் அதோடு சமநிலைக்கு வந்தால்தான் அந்த நீர் வேரின் பலத்துக்குள் வரும். ஓர் இரவில் அது நடப்பதில்லை. மண்ணில் நீர் இருக்கும், வேருக்கு அது எட்டாது.

அளவும் சிறிது. ஒரு சதுர அடி மேல்மண் ஓர் இரவில் 20 கிராம் எடை கூடியதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பெருக்கினால் ஏறக்குறைய 870 லிட்டர். கேட்கப் பெரிதாகத் தெரியும். மழையாகச் சொன்னால் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்டால், ஏக்கருக்கு 16,000 லிட்டர் வேண்டும். இரவு வரவு அதில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அதுவும் மேல்மண்ணோடு நின்று, காலை வெயிலில் திரும்பிப் போய்விடுகிறது.

அப்படியென்றால் பனி ஈரத்தில் உளுந்து விளைகிறது என்று பெரியவர்கள் சொல்வது பொய்யா? பொய் இல்லை. நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதைத்த உளுந்து, அடிமண்ணில் மிஞ்சிய ஈரத்தைக் கொண்டு வளர்கிறது. இலையில் இறங்கும் பனி காலை வெயிலின் கடுமையைச் சிறிது நேரம் தணிக்கிறது. மேல்மண் இரவில் வாங்கிய ஈரத்தை ஆவியாக்கவே காலை வெயிலில் கொஞ்சம் செலவாகிறது. இவை துணைதான். சோறு போடுவது அடிமண் ஈரம். பதம் தவறிய பிறகு விடியற்கால நிறத்தை நம்பி விதைப்பவருக்குத் துணை மட்டும் இருக்கும், சோறு இருக்காது.

செலவைக் குறைக்கும் வழி

ராம்தாஸ் மண்ணின் வரவைப் பார்த்ததோடு நிற்கவில்லை, செலவையும் ஆராய்ந்தார். கரிசல் மண்ணின் மேல் வெள்ளைப் பொடியை மெல்லிதாகத் தூவிப் பார்த்தார்கள். கறுப்பு மண் உறிஞ்சிக்கொள்ளும் வெயிலை வெள்ளைப் பரப்பு திருப்பி அனுப்பியதால் மண்ணின் சூடு நன்றாகக் குறைந்தது. வயல் முழுவதும் பொடி தூவ யாராலும் முடியாது. ஆனால் மேல்தோலை மட்டும் மாற்றினால் கீழே உள்ள மண்ணின் நிலைமையே மாறும் என்பதற்கு அது சான்று. வைக்கோலும் கரும்புச் சோகையும் போட்டு மூடாக்கு அமைக்கிறோமே, அதுவும் மேல்தோலை மாற்றும் வேலைதான். மூடாக்கு இரவில் மண் வாங்கும் நீராவியையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அடிமண்ணில் ஈரம் இருக்கும்போது பகலில் அது மிச்சப்படுத்தும் நீர் அதைவிட அதிகம். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிவிட்டுச் சோகையைக் கொளுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பூனா வேளாண் கல்லூரிப் பண்ணையில் கரும்பு போன்ற பயிர்களுக்கு உள்ளே கருவிகளை வைத்து, திறந்த வெளிக் காற்றுக்கும் பயிருக்குள் இருக்கும் காற்றுக்கும் வெப்பத்திலும் ஈரத்திலும் எவ்வளவு வித்தியாசம் என்று அவரும் சகாக்களும் அளந்தார்கள். 1945-இல் வானொலியில் விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை தொடங்கியது. அதே ஆண்டில், பயிரையும் வானிலையையும் சேர்த்து நாட்டின் பல பண்ணைகளில் பதிவுசெய்யும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. அவர் எழுதிய இந்தியாவில் பயிர்களும் வானிலையும் என்ற நூல் 1960-இல் வெளியானது.

வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது ஏரி, குளங்களில் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும் ஆராய்ச்சி. கொழுப்பு ஆல்கஹால் வகையைத் தண்ணீர்மேல் பரப்பினால், ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் படலம் உண்டாகி ஆவியாவதைத் தடுக்கும். கல்கத்தாவில் இளைஞராக இருந்தபோது பார்த்த நீரின் மேல்தோலுக்கே முதிய வயதில் திரும்பி வந்துவிட்டார். 1958-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1979 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார்.

மண்ணின் எடையைக் கவனிப்பது நமக்குப் புதிதில்லை. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட வேண்டும் என்று உழவு அதிகாரத்தில் திருவள்ளுவரே எடையில்தான் கணக்குச் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் எடைக்கருவிகள் வைத்து அளந்தவர்களும், பனி இறங்காத இரவுகளில் வறண்ட மண் எடை கூடுவதைக் கண்டார்கள்.

நீங்களே செய்து பார்க்கலாம்

இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். ஓரடிக்கு ஓரடி அளவில் இரண்டு தகரத் தட்டுகளும், கிராம் காட்டும் ஒரு மின்னணுத் தராசும் போதும்.

வயலின் களிமண்ணைப் பொடித்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஒரு தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இன்னொரு தட்டில் அதேபோல் காய்ந்த ஆற்றுமணல். சூரியன் மறையும் நேரத்தில் இரண்டையும் எடைபோட்டு எழுதிக்கொண்டு, திறந்த வயலில் வையுங்கள். விடியுமுன் தட்டின் வெளிப்புற ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடைபோடுங்கள்.

தட்டில் இருக்கும் மண்ணுக்குக் கீழிருந்து ஈரம் ஏற வழியில்லை. கூடிய எடை காற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டு தட்டும் நன்றாக எடை கூடியிருந்தால் பனி இறங்கியிருக்கிறது. மணல் அப்படியே இருக்க, களிமண் மட்டும் கூடியிருந்தால் மண் நீராவியை இழுத்திருக்கிறது. ஒரு சதுர அடிக்கு 93 கிராம் கூடினால்தான் 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். உங்கள் தட்டில் எத்தனை கிராம் என்று பாருங்கள். மத்தியானம் இன்னொரு முறை எடைபோட்டால், வந்ததில் எவ்வளவு திரும்பிப் போனது என்பதும் தெரிந்துவிடும்.

விதைப்பதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் தட்டைப் பார்த்தும் எடுக்காதீர்கள், விடியற்கால நிறத்தைப் பார்த்தும் எடுக்காதீர்கள். மத்தியான வெயிலில் வயலுக்குப் போங்கள். நான்கு விரல் ஆழத்துக்குக் கீழே மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து நின்றால் அது அடிமண்ணின் ஈரம், விதையை எடுக்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால், காலையில் பார்த்தது காற்று ஒரு ராத்திரிக்குக் கொடுத்த கைமாற்று. அன்றைக்கு விதை மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.